சிரிஞ்சுக்குள் ஜேசிபி பலம்

கல்வராயன் மலைச் சாலையில் மண் அள்ளும் ஜேசிபியைப் பார்த்திருப்பீர்கள். அதன் கையை ஒட்டி நீண்டு சுருங்கும் பளபளப்பான தண்டு, ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் இருந்து வருகிறது. எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளுகிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் நம் பிள்ளைகள் இதையே அட்டை, சிரிஞ்சு, சிறு குழாய், தண்ணீர் கொண்டு செய்துவிடுகிறார்கள். அருமையான வேலை! மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர் பாஸ்கல் கண்ட விதி. தூக்கும் சிரிஞ்சின் விட்டம், அழுத்தும் சிரிஞ்சைப்போல் 2 மடங்கானால் விசை 4 மடங்கு. நகரும் தூரமோ கால் பங்குதான்.

1:14 அளவில் ஜேசிபி மாதிரி செய்பவர்கள் பித்தளைக் குழாய், எஃகுத் தண்டு, ரப்பர் ஓ-ரிங் வைத்து நிஜ சிலிண்டரே கடைகிறார்கள். 10 மி.மீ. பிஸ்டன், 20 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 16 கிலோவைத் தள்ளும்! இழுக்கும்போது பலம் சற்றுக் குறையும், தண்டு இடத்தை அடைப்பதால். ஓ-ரிங் பள்ளம் கொஞ்சம் பிசகினாலும் எண்ணெய் கசியும்.

மாணவர்களே, குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியே சிரிஞ்சில் மாட்டுங்கள். காற்றுக்குமிழி புகுந்தால் மாதிரியின் கை துவண்டுபோகும். பயன்படுத்திய சிரிஞ்சு வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் புதிதாக, ஊசியில்லாமல் வாங்குங்கள்.