அருவி வழியே ஒரு த்ரில் பயணம்... 21 உயிர்களைப் பறித்த மாலை சொல்லும் பாடம்!

கயிற்றில் தொங்கியபடி அருவியோடு இறங்க வேண்டும். வழுக்குப் பாறையில் சறுக்கி, ஆழமான குட்டையில் போய் விழ வேண்டும். சில இடங்களில் நீச்சல், சில இடங்களில் உயரத்திலிருந்து குதியல். மலை இடுக்கில் ஓடும் ஓடை வழியே இப்படி மேலிருந்து கீழே வருவதுதான் 'கேன்யனிங்'. அமெரிக்காவில் இதையே 'கேன்யனீயரிங்' என்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் இன்டர்லாகன், இந்தச் சாகசத்துக்குப் பேர்போன ஊர். அதன் அருகே ஓடும் சாக்செட் ஓடைதான், கேன்யனிங் வரலாற்றின் பெரும் துயரத்தையும் பார்த்தது.

1999, ஜூலை 27

அன்று மாலை 45 சுற்றுலாப் பயணிகளும் 8 வழிகாட்டிகளும் குழுக்களாக ஓடைக்குள் இறங்கினார்கள். பயணிகளில் பலர் ஆஸ்திரேலிய இளைஞர்கள். மலையின் மேல்பகுதியில் இடியுடன் கனமழை கொட்டியது. மண்ணும் மரக்கட்டைகளும் கலந்த வெள்ளம் இடுக்கு வழியே பாய்ந்துவந்தது. 18 பயணிகள், 3 வழிகாட்டிகள் என 21 பேர் உயிரிழந்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட சிலரின் உடல்கள் பிரியன்ஸ் ஏரியில் மீட்கப்பட்டன.

ஏன் தப்ப முடிவதில்லை?

செங்குத்தான மலைச்சரிவில் விழும் பெருமழையை நிலம் முழுவதுமாக உறிஞ்சாது. சுற்றியுள்ள சரிவுகளின் தண்ணீரெல்லாம் புனலில் ஊற்றியதுபோல ஒரே இடுக்கில் சேரும். அகலம் குறைவு என்பதால் நீர்மட்டம் மளமளவென உயரும். இருபுறமும் செங்குத்துப் பாறை. அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிவிட்டால், திரும்பி ஏறவும் முடியாது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், தொலைவில் பெய்யும் மழை ஆபத்தைக் கொண்டுவரும்.

இந்த வழக்கில் 2001-ல் 6 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கேன்யனிங் போன்ற சாகசங்களைத் தொழிலாக நடத்துவோருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம், 2014-ல் சுவிட்சர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது.

புக் செய்யும் முன்...

பிலிப்பைன்ஸின் கவாசன் அருவி போன்ற இடங்களுக்கு டூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* வழிகாட்டிக்கு உரிமம், பயிற்சி உண்டா எனக் கேளுங்கள்.
* ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் சரியான அளவில் இருக்கட்டும்.
* ஓடை தொடங்கும் மலையின் வானிலையையும் விசாரியுங்கள்.
* நடுவழியில் வெளியேறும் பாதைகள் எங்கே எனத் தெரிந்துகொள்ளுங்கள்.
* தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, குப்பை மிதந்து வந்தாலோ உடனே மேடான இடத்துக்கு ஏறுங்கள்.
* குதிக்கப் பயமா? மறுத்துவிடுங்கள். பல இடங்களில் கயிற்றிலோ, நடந்தோ இறங்க வழி உண்டு.

மழை வரும் என்று தெரிந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை... பயணத்தைத் தள்ளிவையுங்கள்!