ஒரே எண்ணை ஒப்பிக்கும் சாவி

டொரொண்டோவில் அடுக்குமாடிக் குடியிருப்பைத் தமிழர்களும் 'கொண்டோ' என்றே சொல்கிறார்கள். கார், சைக்கிள், வீட்டில் இடமில்லாத சாமான்களை அடைக்கும் கம்பிவலை அறை எல்லாம் பெரும்பாலும் தரைக்குக் கீழே உள்ள தளங்களில். அங்கே போக, சாவிக்கொத்தில் தொங்கும் 'ஃபாப்' என்ற பிளாஸ்டிக் வில்லையைச் சுவரில் உள்ள ரீடரிடம் காட்ட வேண்டும். பீப் சத்தம் கேட்கும், கதவு திறக்கும். வெளியாள் யாரும் நுழைய முடியாது என்று குடியிருப்போர் நம்புகிறார்கள். பல கட்டடங்களில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

பழைய வகை ஃபாப்பில் பேட்டரி கிடையாது. ஒரு செப்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும்தான். ரீடர் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் காந்தப்புலத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும். ஃபாப் அருகே வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சிப் விழித்துத் தன் எண்ணை ஒப்பிக்கிறது. மின்சாரம் கிடைக்கும்வரை அதே எண்தான், மீண்டும் மீண்டும். கேட்பது யார் என்று சிப் பார்ப்பதில்லை. சொல்வது உண்மையான ஃபாப்தானா என்று ரீடரும் சோதிப்பதில்லை. வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாலே உள்ளே விட்டுவிடும் காவலாளி போல.

ஆகவே எண்ணைக் கேட்டவர் எவரும் அதைத் திருப்பிச் சொல்லலாம். டி5577 என்ற, அழித்து எழுதக்கூடிய மலிவான சிப்பில் அதைப் பதிய சில விநாடிகள் போதும். சாவி நகலெடுக்கும் கடைகளிலேயே இந்த வேலை நடக்கிறது. ஃபாப்பைக் கையில் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 2013இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், சுமார் மூன்றடி தூரத்திலிருந்தே இத்தகைய அட்டைகளைப் படிக்கும் கருவியைக் காட்டினார்கள். லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவரின் பைக்குள் அது இருக்கலாம்.

எண்ணின் அமைப்பு இன்னும் மோசம். பரவலாகப் புழங்கும் 26 பிட் வடிவத்தில் இரண்டு பிட் பிழை சரிபார்க்க. எட்டு பிட் கட்டடத்துக்கான குறியீடு. மீதி 16 பிட் ஃபாப்பின் எண். கட்டடக் குறியீடு 256 வகைக்குமேல் இருக்க முடியாது. ஃபாப் எண் 65,536க்குமேல் போகாது. ஒரே கட்டடத்தில் குறியீடு பொதுவாக எல்லோருக்கும் ஒன்றுதான். ஃபாப்புகளை மொத்தமாக வாங்குவதால் எண்களும் பெரும்பாலும் வரிசையாக ஓடும். என் எண் 20145 என்றால் 20146 பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு ஃபாப் கிடைத்தவன் மற்றவர்களுடையதை ஊகித்துவிடலாம். திருட்டு நடந்த இரவில் கதவைத் திறந்தவர்களின் பதிவேட்டில் ஒன்றும் அறியாத யாரோ ஒருவரின் பெயர் நிற்கும்.

13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைஃபேர் கிளாசிக் சிப் இதைவிட மேல்தான். ரகசியச் சாவி உண்டு. ஆனால் அதன் நீளம் 48 பிட் மட்டுமே. 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் குறியாக்கத்தை உடைத்தார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனமான என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. பாதிப்புக்குக் காரணம் குறையுள்ள சிப்பை விற்றதுதான், கட்டுரை அல்ல என்று சொல்லி அந்த நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

மாற்றுவழி புதிதல்ல. ஏஇஎஸ் குறியாக்கம் கொண்ட ஃபாப்பிடம் ரீடர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வி கேட்கும். உள்ளே இருக்கும் ரகசியச் சாவியை வெளியே சொல்லாமலே ஃபாப் விடையைக் கணக்கிட்டுத் தரும். ஒட்டுக்கேட்ட விடை அடுத்த முறை செல்லாது. ஆனால் எல்லாருடைய ஃபாப்பையும் ஒரே நாளில் மாற்றச் செலவாகும் என்று, பழையதையும் புதியதையும் படிக்கும் ரீடரைப் பல இடங்களில் பொருத்துகிறார்கள். அதில் பழைய வழியை அடைக்காமல் விட்டால் புதிய ஃபாப்புக்குக் கொடுத்த பணம் வீண்.

கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 90,000 வாகனங்கள் திருடு போவதாக 2024இல் அரசு சொன்னது. உடனே 'ஃப்ளிப்பர் ஸீரோ' என்ற சிறு ரேடியோ கருவியைத் தடைசெய்யப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சுருதியைக் குறைத்துக்கொண்டது. புதிய கார்களின் சாவியை அந்தக் கருவியால் வெல்ல முடியாது. அதற்குச் சுலபமாக வருவது, கட்டடத்தின் பழைய ஃபாப்பை நகலெடுப்பது! கார் திருட்டுக்கும் ஃபாப் நகலுக்கும் தொடர்பு இருக்கிறது. தெருவில் நிற்கும் காரானால், வீட்டு வாசலுக்கு அருகே வைத்த சாவியின் சிக்னலைப் பெருக்கிக் கடத்துகிறார்கள். கொண்டோவில் சாவி இருபதாவது மாடியில் கிடக்கும். அந்த வித்தை பலிக்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி துளையில் கருவியைச் செருகிப் புதுச் சாவி பதிய வேண்டும். அதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத சில நிமிடங்கள் தேவை. பூட்டிய நிலத்தடித் தளம் திருடனுக்கு அதைக் கொடுக்கிறது.

இத்தனை தொழில்நுட்பமும் பல திருடர்களுக்குத் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்னால் போகும் காருக்காகத் திறந்த கதவு மெதுவாக மூடுவதற்குள் நடந்தே நுழைந்துவிடலாம். அல்லது தெருவில் நிற்கும் காரின் கண்ணாடியை உடைத்து, வெயில்மறைப்பில் செருகியிருக்கும் கேட் ரிமோட்டை எடுத்துக்கொள்ளலாம்.

எனவே ரிமோட்டைக் காரில் விட்டுவராதீர்கள். ஃபாப் தொலைந்தால் அன்றே நிர்வாகத்திடம் சொல்லி அந்த எண்ணை நீக்கச் சொல்லுங்கள். அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் ஃபாப் 125 கிலோஹெர்ட்ஸ் வகையா? புதியது வந்துவிட்டது என்றால், ரீடர் இன்னும் பழையதை ஏற்கிறதா?