நடுவயலில் ஒரு வீடு... வடிகாலுக்கு என்ன வழி?

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன், தம்பி பாகப்பிரிவினை நடந்தது. பழைய ஓட்டு வீடு அண்ணனுக்கு. சாலையோரம் இரண்டு மா நஞ்சை தம்பிக்கு. தம்பி குடியிருந்த கூரை வீட்டை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டது. அன்று முதல் அண்ணன் வீட்டில் ஒற்றை அறையில்தான் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு குடித்தனம். மூத்த பெண் வயதுக்கு வந்த பிறகு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று, நஞ்சையில் ஐந்து சென்ட்டை மேடாக்கி வீடு கட்ட முடிவு செய்தார். கிராவல் நான்கு லோடு வந்து இறங்கியது. அதே வாரத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர் ஊராட்சியில் ஆட்சேபணை மனு கொடுத்தார்கள்.

மூன்று மனுக்கள்

முதல் மனு, மேல் வயலில் மூன்று மா சாகுபடி செய்யும் பெண்மணியுடையது. கணவர் இல்லை, அந்த சம்பாதான் அவருக்கு ஆண்டு வருமானம். அவர் வயலின் வடிகால் தண்ணீர் தம்பியின் நிலத்து வரப்போரமாக ஓடித்தான் சாலை வாய்க்காலில் விழுகிறது. "தம்பி, வீடு கட்ட வேண்டாம்னு நான் சொல்லல. தண்ணி போக வழி விட்டுட்டுக் கட்டு" என்பது அவர் பேச்சு.

இரண்டாவது மனு, கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரருடையது. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி, அவர் வீட்டுக் குடிநீர் கைபம்புக்கு 40 அடியில் வருகிறது.

மூன்றாவது மனுவில், நடுவயலில் வீடு கட்டுவது ஊர் வழக்கமில்லை என்று மட்டும் இருந்தது. அதைக் கொடுத்தவர், அந்த நிலத்தை முன்பு விலைக்குக் கேட்டுக் கிடைக்காமல் போனவர்.

எது நிற்கும், எது நிற்காது?

ஆட்சேபணை என்றால் எல்லாம் ஒன்றல்ல. அதன் பின்னால் ஓர் உரிமையோ, உண்மையான பாதிப்போ இருக்க வேண்டும்.

மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் மழைநீர் பள்ளத்து நிலம் வழியாக ஓடுவதற்கு, மேட்டு நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அடுத்தவர் பட்டா நிலத்தில் உள்ள வாய்க்காலையோ பாதையையோ 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, தகராறின்றி, உரிமையோடு அனுபவித்திருந்தால் அதுவும் உரிமையாகிறது. ஆனால் மறித்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று விட்டுவிட்டு உரிமையை இழந்தவர்கள் பலர்.

டெல்டாவில் சம்பா பயிர் நிற்கும் காலம்தான் வடகிழக்குப் பருவமழைக் காலம். வடிகால் ஓர் அடி உயர்ந்தால், மேல் வயலில் ஓர் அடி தண்ணீர் தேங்கும். நட்ட இளம்பயிர் ஒரு வாரம் மூழ்கினால் அழுகிவிடும். கதிர் முற்றிய பயிர் சாய்ந்தால் நெல் முளைத்துவிடும். ஆகவே அந்தப் பெண்மணியின் பயம் வீண் பயமல்ல.

கைபம்பு விஷயமும் அப்படியே. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். 40 அடி போதாது. மூன்றாவது மனுவில் உரிமையும் இல்லை, பாதிப்பும் இல்லை.

அனுமதி வாங்கும் முறை

சொந்தப் பட்டா நிலம் என்பதற்காக நஞ்சையை மேடாக்கி உடனே வீடு கட்டிவிட முடியாது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் தனி விதிகள் வந்துள்ளன. ஊராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். நில வகைமாற்றம் முடிந்த பிறகே கட்டட அனுமதி.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட தொழிற்சாலைகளையும் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும்தான் தடுக்கிறது. குடியிருக்கும் வீட்டை அல்ல. அதே நேரம், அரசு அனுமதி கையில் இருப்பதால் பக்கத்து நிலத்துக்காரரின் வடிகால் உரிமை போய்விடாது. இரண்டும் வேறு வேறு.

ஊரில் கண்ட முடிவு

கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்தார். படத்தில் வாய்க்கால் இல்லை. இருந்திருந்தால் அது புறம்போக்கு. யாரும் தொடவே முடியாது. அது பட்டா நிலத்துக்குள் வழக்கத்தில் ஓடும் வடிகால் என்று தெளிவானதும் பேச்சு எளிதானது.

வீட்டை மேற்கே 12 அடி தள்ளிக்கொள்வது, கிழக்கு வரப்போரம் நான்கு அடி அகலத்தில் 60 அடி நீளத்துக்குத் திறந்த வடிகால் விடுவது என்று தம்பி ஒப்புக்கொண்டார். அவருக்கு இழப்பு அரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். வாசல் பாதையில் மட்டும் சிமெண்ட் குழாய்; அதுவும் பழைய வடிகாலின் அடிமட்டத்திலேயே. உறிஞ்சுகுழி வீட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. மேல் வயல் பெண்மணி ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் வடிகாலைத் தூர்வாரித் தருவதாகச் சொன்னார். இத்தனையும் எழுத்தில் வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. மூன்றாமவர் கையெழுத்துப் போடவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

* கிராவல் அடிக்கும் முன்பே புலப்படம், அ-பதிவேடு இரண்டையும் பாருங்கள். நான்கு எல்லைக்காரர்களிடமும் பேசுங்கள்.
* குழாயைவிடத் திறந்த வடிகால் மேல். வைக்கோல் அடைத்தால் கையால் எடுத்துவிடலாம்.
* ஆட்சேபிப்பவர் மனுவில் சர்வே எண், தண்ணீர் போகும் திசை, எத்தனை ஆண்டு வழக்கம் என்பதை எழுதுங்கள். மழை நாளில் எடுத்த புகைப்படம் நல்ல சான்று.
* பேச்சு முறிந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

அந்த ஆண்டு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. வீடு அப்போது லிண்டல் மட்டத்தில் நின்றது. நான்காம் நாள் காலையில் மேல் வயல் பெண்மணி மண்வெட்டியோடு வந்தபோது, தம்பி வடிகாலில் இறங்கி வைக்கோலை வாரிக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் மேல் வயலில் வரப்பு தெரிந்தது.