தலை முதல் கால் வரை ஓர் இதயப் பாடம்

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர் வீடு திரும்பும் நாளில், இனி எப்படி இருக்கவேண்டும் என்று விளக்கும் வேலை பெரும்பாலும் நர்ஸின் தலையில்தான் விழுகிறது. கிடைப்பதோ ஐந்து நிமிஷம். டில்லியிலும் மும்பையிலும் இன்னொரு சங்கடம்: சொல்பவர் இந்தியில் சொல்வார், கேட்பவர் ஊரிலிருந்து வந்த நம் அம்மாவாக இருப்பார்.

சொல்லவேண்டியவை எத்தனை? கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளியாயிற்று. முதல் மாரடைப்புகளில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒன்பதே காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றது அது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிந்ததுதான்.

ஒன்பதை வரிசையின்றி நெட்டுருப் போட்டால் அவசரத்தில் இரண்டு நழுவும். ரயில் பெட்டிகளைப் பரிசோதிப்பவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில்தான் முடிப்பார், நடுவில் தாவமாட்டார். நர்ஸ் தம் உடம்பையே அப்படி ஒரு வண்டித்தொடராக வைத்துக்கொள்ளலாம்.

நெற்றியைத் தொட்டால் மனக்கவலை. வாயைத் தொட்டால் புகையிலை. சிகரெட், பீடியோடு மெல்லும் கைனியும் சேர்த்தி. (வடக்கே வந்து இதைப் பழகிக்கொண்ட நம்மவர்கள், புகைதான் இல்லையே என்று சமாதானம் சொல்வதுண்டு.) மதுவும் வாயோடுதான். பட்டை சுற்றும் மேல்கை இரத்த அழுத்தம். ஊசி போட்டு இரத்தம் எடுக்கும் முழங்கை மடிப்பு கொழுப்பு. குத்திப் பார்க்கும் விரல்நுனி சர்க்கரை. உள்ளங்கை காய்கறி, பழம். அடுத்து இடுப்பு. கை கால் ஒல்லியாக இருந்தாலும் தொப்பை இருந்தால் ஆபத்துதான்; நம் இனத்தாருக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். கடைசியில் பாதம்: நடை. வயதும் பெற்றோர் வழி வருவதும் முதுகுப்பக்கம். அவற்றை மாற்ற முடியாது, மறக்கவும் கூடாது.

தொட்டுக் காட்டுவதால் பாதி மொழி மிச்சம். பாஷை தெரியாத அம்மாவும் கூடவே தொட்டுக்கொண்டு வருவார்.

“புரிந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டில் போய் என்ன சொல்வீர்கள், காட்டுங்கள்” என்று கேட்கவேண்டும். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, அதை மட்டும் மறுபடி சொன்னால் போதும்.