தொல்காப்பியப் பூங்கா, சென்னை

தொல்காப்பியப் பூங்கா என்பது சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாறு உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் அமைந்துள்ள சூழலியல் பூங்கா ஆகும். அடையாறு பூங்கா என்றும் அழைக்கப்படும்.

அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்திலிருந்து உள்வாங்கும் இக்கழி, குயிபிள் தீவைச் சுற்றிக் கிடக்கிறது. கடலேற்றத்தில் உப்புநீரும் மழைக்காலத்தில் நன்னீரும் கலப்பதால் மீன், நண்டு, நீர்ப்பறவைகளுக்கு ஏற்ற இடம். நகரம் பெருகியபோது கட்டட இடிபாடுகளும் குப்பையும் இங்கே கொட்டப்பட்டன, சாக்கடையும் சேர்ந்தது. கழி மேடானது. மேடானால் கட்டடம் கட்டத் தோன்றும் அல்லவா? 1990களில் கழியைக் காக்கக் குடிமக்கள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

2006இல் தமிழக அரசு அடையாறு பூங்கா அறக்கட்டளையை நிறுவியது. அதுவே பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. மீட்புத் திட்டத்தை வகுத்தவர்கள் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர். மரம் நடுவதற்கு முன் மண்ணை அள்ள வேண்டியிருந்தது: இடிபாடுகளை அகற்றி, குட்டைகள் தோண்டி, ஏற்றநீர் உள்ளே வர வழி செய்தனர். பிறகு நீரோரத்தில் அலையாத்தியும், மேட்டில் சோழமண்டலக் கரைக்குரிய வறள் பசுமைமாறாக் காட்டு மரங்களும் நடப்பட்டன. புல்தரையும் செயற்கை நீரூற்றும் போட்டு முடித்திருந்தால் பூங்கா கிடைத்திருக்கும், கழி மீண்டிருக்காது.

2011 ஜனவரியில் முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். தொடக்க ஆண்டுகளில் மாணவர்களும் பார்வையாளர்களும் குறைந்த எண்ணிக்கையில், வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். கூடு கட்டும் பறவைகளுக்கு அந்தக் கெடுபிடி தேவைதான்.

அடுத்த கட்டமாக, முகத்துவாரம் வரையிலான சுமார் 300 ஏக்கர் எடுத்துக்கொள்ளப்பட்டது. அங்கே மணல்திட்டு வாயை அடைத்தால் ஏற்றநீர் கழிக்குள் வராது. மழைவெள்ளமும் எளிதில் வடியாது. ஆகவே மணலை அவ்வப்போது வாரி வழிவிட வேண்டியிருக்கிறது.