கல்வெட்டில் வராத ஆச்சி

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, வந்தவர்களுக்குச் சிறு புத்தகம் ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பது வடக்கில் நீண்டகாலப் பழக்கம். கல்வெட்டு என்றும் நினைவுமலர் என்றும் சொல்வார்கள். முன்பக்கத்தில் படம், அடுத்து திதி வெண்பா, தேவார திருவாசகம், இடையில் ஒரு பக்கத்தில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. உங்களில் பலருடைய வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

2019ஆம் ஆண்டு எங்கள் ஆச்சி உடப்பில் காலமானார். அப்போது நான் முல்லைத்தீவில் பெண்கள் மத்தியில் சமூகப் பணியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே கண்ட பழக்கத்தில், ஆச்சிக்கும் ஒரு மலர் அச்சிட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் அச்சிட்டதில்லை. "நீதானே படிச்சவ, நீயே எழுது" என்றார் அம்மா.

எழுத உட்கார்ந்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் பேர்த்தியார். நான்கு வரிகளில் ஆச்சி முடிந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, குடும்பம் பற்றியும் உறவுமுறை பற்றியும் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். என்னை வளர்த்த மனுசியைப் பற்றி ஐந்தாவது வரி எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நான்கு வரியிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆச்சிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் பெரிய மாமா. 1990 வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் கரைவலைத் தொழிலுக்குப் போனார். எங்கள் கரையில் கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தொழில் செய்வது தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் இருந்தது. அந்த வருடம் ஆனி மாதம் போர் மீண்டும் தொடங்கியது. மாமா திரும்பவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

மலரில் அவருடைய பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, விடுவதா?

"இருபத்தொன்பது வருசம் ஆச்சு. போடாட்டி, தாயோட சாவுக்குக்கூட வராத மகன் எண்டுதான் ஊர் சொல்லும்" என்றார் சின்ன மாமா. ஆச்சிக்குக் கொள்ளி வைத்தவர் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அம்மா அழவில்லை. "அம்மா உயிரோட இருக்கும் வரைக்கும் சொல்லாத சொல்லை, அவ போன பிறகு நாங்க சொல்லுறதா?" என்று மட்டும் கேட்டார்.

அது உண்மைதான். உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதம் பதினெட்டு நாள் திருவிழா நடந்து, தீமிதிப்போடு முடியும். ஒவ்வொரு வருடமும் அந்தத் திருவிழாவில் பெரிய மாமாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஆச்சி அர்ச்சனை செய்வார். இறந்தவருக்கு அப்படிச் செய்வதில்லை. பாரதக் கதையில் போர் முடிந்த இரவில் திரௌபதையின் ஐந்து பிள்ளைகளும் கொல்லப்படுகிறார்கள். "அவளுக்குப் பிள்ளைகளோட உடம்பாவது கிடைச்சது" என்று ஆச்சி ஒருமுறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

என் வேலையில் இதே கேள்வியோடு எத்தனையோ தாய்மாரைச் சந்தித்திருக்கிறேன். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி, போரில் காணாமற்போனவருக்குக் குடும்பத்தார் மரணச் சான்றிதழ் பெற வழி இருந்தது. பிள்ளை இறந்துவிட்டான் என்று கையெழுத்திட மனம் வராமல் பலர் அதைப் பெறவில்லை. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின், இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி பிறந்தது. இறந்தவராகவும் இல்லாமல் இருப்பவராகவும் இல்லாமல் ஒரு நிலை உண்டு என்பதைச் சட்டம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. எங்கள் ஆச்சி அதை 1990 முதல் தன் அர்ச்சனைத் தட்டில் வைத்திருந்தார்.

கடைசியில் இப்படி எழுதினேன்: '1990இல் முல்லைத்தீவுக் கரைக்குத் தொழிலுக்குச் சென்று திரும்பாத மூத்த மகன்.' சின்ன மாமா இரண்டு தரம் வாசித்தார். "இதில பொய் இல்ல" என்று சொல்லிக் கையில் தந்தார். சிலாபத்தில் அச்சிடக் கொடுத்தோம்.

முப்பத்தோராம் நாள் மலரைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். புத்தளத்திலிருந்து வயதான முஸ்லிம் பெண் ஒருவர் மகனோடு வந்திருந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. மகன் மலரை வாசித்துக் காட்டினார். கேட்டுவிட்டு அந்த உம்மா சொன்னார்: "மகள், இதில அக்காவைக் காணல்லியே."

1990 ஐப்பசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். புத்தளம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகளுக்குள் ஓலைக் கொட்டில்களில் அந்த மக்கள் வருடக்கணக்காக இருந்தார்கள். அங்கே தலையில் பெட்டி சுமந்து கருவாடு விற்க வந்தவர் எங்கள் ஆச்சி. முதல் நாள் காசில்லை என்றதும் கடனாகக் கொடுத்திருக்கிறார். பிறகு அந்த உம்மாவுக்கே கருவாட்டை மொத்தமாகக் கொடுத்து, விற்றுவிட்டுக் காசு தா என்று சொல்லியிருக்கிறார். "அந்தக் கருவாட்டுலதான் என்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனாங்க" என்றார் உம்மா. ஆச்சி தன் மகனைத் தொலைத்து ஐந்தே மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. அதை அந்த உம்மாவிடம் அவர் ஒருபோதும் சொல்லவில்லை. மலரில் அந்த வரியை மகன் வாசித்தபோதுதான் உம்மா அறிந்தார். அப்போது அவர் அழுதார்.

அதன்பின் நான் கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். தாத்தா இறந்தபின் ஆச்சி கரைக்குப் போய், வலை கரையேறுமுன் சம்மாட்டியிடம் விலை பேசிவிடுவாராம். நெத்தலியைக் கடல் தண்ணீரில் அலசி வெயிலில் பரப்புவார். பெரிய மீனைக் கீறி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று அடுக்குவார். உப்பைக் குறைத்தால் புழு வைக்கும், வாங்கினவள் ஏமாறுவாள் என்பாராம். வலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாட்டெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் மட்டும்தான் பாடுவார். விதவை வாய்விட்டுப் பாடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

இதையெல்லாம் ஆச்சியிடமே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவர்தான் என்னிடம் ஒன்று கேட்டார். முல்லைத்தீவில் வேலை கிடைத்த அன்று, "அங்க யாரும் அவனைக் கண்டாங்களா எண்டு கேளு" என்றார். நான் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் கேட்கவில்லை. "கேட்டுக்கொண்டு இருக்கிறன் ஆச்சி" என்று ஆறு வருடம் சொன்னேன். இதை எழுதும்போதும் அது மனதை உறுத்துகிறது.

சகோதரிகளே, உங்களில் பலருக்குத் தாயின் கல்லறை இல்லை. சிலரிடம் ஒரு படம்கூட இல்லை. முள்ளிவாய்க்காலில் எந்த இடத்தில் புதைத்தோம் என்று தெரியாதவர்களும் இருக்கிறீர்கள். அந்தச் சாவையே திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் வாழ்ந்த அறுபது எழுபது வருடங்களை மறந்துபோகிறோம். ஒரு கொப்பியை எடுங்கள். பிறந்த ஊரையும் வருடத்தையும் எழுதிவிட்டு அங்கே நிறுத்திவிடாதீர்கள். விடிய எழுந்து முதலில் என்ன செய்தார்? எந்த வேலையில் கைகாரி? முதல் உழைப்புக் காசில் என்ன வாங்கினார்? யாருக்குக் கடன் கொடுத்தார்? எதைச் செய்ய விரும்பி விடாமல் தடுக்கப்பட்டார்? வீட்டாரிடம் மட்டுமல்ல, அவரோடு சந்தையில் இருந்தவரிடமும் கிணற்றடியில் நின்றவரிடமும் கேளுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைபேசியில் குரலைப் பதியுங்கள். அச்சிட்ட மலர் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இத்தகைய மலர்களையும் சேகரித்து வைக்கிறது. ஊரின் சரித்திரம் அவற்றிலும் இருக்கிறது.

தாய் உயிரோடு இருந்தால், இன்றிரவே ஒரு கேள்வி கேளுங்கள்.

தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாள் சித்திரா பௌர்ணமி. போன சித்திரா பௌர்ணமியன்று, நான் எழுதிய கொப்பியை அம்மா எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்தார். பாட்டு வந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, ஆச்சியிடம் கேட்டுப் பழகிய அம்பாப் பாட்டைப் பாடினார். வெளிவாசல் கதவு திறந்துதான் இருந்தது.