இருபது ஆண்டுத் தோல்வி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கு 1993 முதல் 2012 வரை, 20 ஆண்டும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2001-இல் ஆற்றங்கரையில் அழகான புது மைதானம் வந்தது, ஆட்டம் மாறவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரசிகர்களில் ஒரு பகுதியினர், அணி உரிமையாளர்களைக் கண்டித்து, 2007 ஜூன் 30 அன்று மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் இருக்கையை விட்டு எழுந்து போனார்கள். நியாயமான கோபம்தான்! காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

அந்தத் தோல்வி வரிசை முடிந்த 2013-இல், அக்டோபர் 1 இரவு, பிளேஆஃப் ஆட்டம். அதே மைதானத்தில் கறுப்புச் சட்டையில் திரண்ட கூட்டம், எதிரணியான சின்சினாட்டியின் பந்துவீச்சாளர் குவெட்டோவின் பெயரை ராகமிழுத்துக் கத்தியது. அவர் கையிலிருந்த பந்து நழுவி விழுந்தது. அடுத்து வீசிய பந்தையே பைரேட்ஸ் வீரர் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன்னுக்கு விளாசினார். பைரேட்ஸ் 6-2 என வென்று அடுத்த சுற்றுக்குப் போனது.